நவநீதன் குடிக்காத சாராயம்

1

இந்தக் கதை ஒரு தப்பான நினைப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

காரைக்காலிலிருந்து நெரவி போகும் பேருந்தில் ஒரு சாயங்காலம் ஓர் ஆள் ஏறினான். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினான். கம்பி ஒரு பக்கம் இருந்தது, கை வேறு பக்கம் போனது. எனக்குப் பின்னிருக்கையில் பொத்தென்று விழுந்து, தலையை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"இந்த ஊருல இது என்ன புதுசாம்மா" என்றார் கண்டக்டர்.

எங்கள் ஊரில் மது மலிவு. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களே தினமும் ஒரு பேருந்து தேறுவார்கள். தள்ளாடுகிற ஆளைப் பார்த்தால் இங்கே யாரும் இரண்டாவது காரணம் தேடுவதில்லை. நானும் தேடவில்லை. வீட்டுக்குப் போய், கையோடு ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். அதன் தொடக்கம் இது:

"அவன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவனுடைய சாராய வாடை நுழைந்துவிடும். அடுப்படியில் நின்ற மனைவி முந்தானையால்—"

போதும். மீதியை இங்கே எடுத்துப் போட எனக்குத் தைரியம் இல்லை. மனைவி அழுதாள். அவன் அடித்தான். கடைசிப் பக்கத்தில் வாய்க்காலில் விழுந்து செத்தான். வாய்க்காலில் அல்லிப் பூவெல்லாம் பூத்துக் கிடந்தது. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது என்பதுதான் இதில் பெரிய சங்கதி.

2

கதையைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்த வாரம், ஒரு புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க பாரதியார் சாலைப் பக்கம் ஒரு மேட்சிங் கடைக்குப் போனேன். புடவை மயில்கழுத்து நிறம். அந்த நிறத்துக்குத் துணி கிடைப்பது லேசில்லை. கடையிலிருந்த பெண் புடவையை வாங்கி, விளக்கடியில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து, அலமாரியில் தேடாமல் கையை விட்டு ஒரு துண்டை உருவினாள். அச்சு அசலாகப் பொருந்தியது. அவள்தான் தேவிகா.

அவள் பில் போட அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆள் வந்து வாசலில் நின்றான். பேருந்தில் பார்த்த அதே முகம். அன்று தள்ளாடவில்லை. சும்மா நின்றான்.

"ஒங்க வீட்டுக்காரராம்மா?" என்று கேட்டேன்.

தேவிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் கொரலு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "குடிகாரன் பொண்டாட்டிக்கிட்ட பேசுற கொரலு. எல்லாரும் இந்தக் கொரல்லதான் பேசுனாங்க. அவரு குடிக்கமாட்டாரு. இதுவரைக்கும் ஒரு சொட்டு குடிச்சதில்ல. எனக்கே இப்பதான் தெரியும்."

(இந்த இடத்தில் என் கதை செத்தது. அவன் பிழைத்தான். ஒரு எழுத்தாளருக்கு இப்படி ஒரு நல்ல காரியம் தற்செயலாக வாய்த்தால் உண்டு.)

கடை மூடும்வரை இருந்து கேட்டேன். மறுநாளும் போனேன். நான் கதை எழுதுகிறவள் என்று சொன்னதும் தேவிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரி என்றேன். இதைப் போல மடத்தனமான வாக்குறுதியை வேறு எந்த எழுத்தாளரும் கொடுத்திருக்க மாட்டார்.

3

இரண்டாவது தொடக்கம்:

"ஸ்டைரீன் என்பது ஒரு திரவம். நிறம் கிடையாது. கொஞ்சம் இனித்த வாடை உண்டு. பைபர் படகு செய்யும் ரெசின் என்கிற பிசினில் இது கலந்திருக்கும். ரெசின் இறுகும்போது ஒரு பங்கு ஆவியாகக் கிளம்பும்."

[பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. இது தெரியாமல் மேலே போனால் நீங்களும் என்னைப் போல இருக்கை மாறி உட்காருவீர்கள்.]

சரி, மனிதர்களிடம் வருகிறேன். தேவிகாவின் கணவன் நவநீதன் நெரவிக்காரன். குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். இவன் தினமும் பேருந்து ஏறிக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய், முருகானந்தத்தின் படகுக் கொட்டகையில் வேலை பார்த்தான். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, அதன்மேல் ரெசினை உருளையால் தேய்த்துத் தேய்த்துப் படிய வைக்கும் வேலை. அது காய்ந்து இறுகினால் படகு. நிறம் கலப்பதும் அவன்தான். நீலம் கேட்டால் நீலம், பச்சை கேட்டால் பச்சை.

கொட்டகை கடற்கரையில் இருக்கிறது. காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். ஈர ரெசினில் மணல் ஒட்டினால் படகின் மேல் சொரசொரவென்று நிற்கும். படகுக்காரர் வாங்க மாட்டார். அதனால் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, கீழே மணல் மூட்டை வைத்து இறுக்கி, ஓர் ஓட்டை இல்லாமல் அடைத்துவிடுவார்கள். மணல் உள்ளே வராது. ஆவி வெளியே போகாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். படகின் வயிற்றுக்குள் இறங்கிக் குனிந்து தேய்க்கிறவன், அது தேங்கி நிற்கிற கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மருந்தாக அவர்கள் வைத்திருந்தது வாழைப்பழம்.*

* கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. வேலையாட்களுக்கு முருகானந்தம் தன் கையால் தினமும் ஒரு சீப்புப் பழம் வாங்கி வருவார். பழம் தின்றால் ரெசின் விஷத்தை வயிறு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது கொட்டகை நம்பிக்கை. சிமெண்டு மூட்டை தூக்குகிறவர்கள் வெல்லம் தின்கிறார்கள். எங்கள் தெருவில் பெயின்ட் அடிக்க வந்தவர் என்னிடமே பழம் கேட்டு வாங்கித் தின்றார், நானும் நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

4

இனி தேவிகா பக்கம் போய் நின்றுகொள்கிறேன். கதை அங்கேதான் நடக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையேறும். பழுது பார்ப்பதும் புதுப்படகு செய்வதும் ஒரே நேரத்தில் குவியும். தடை முடிவதற்குள் எல்லாம் கடலில் இறங்க வேண்டும். இந்த வருடத் தடைக்காலத்தில்தான் நவநீதன் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். கண் சிவந்திருக்கும். பேச்சு குழறும். கேட்டதையே திரும்பக் கேட்பான். சோறு போட்டால் வாசனையே தெரியவில்லை என்பான். காலையில் மண்டை இடிக்கிறது என்று சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் தெளிவாக இருப்பான்.

தேவிகாவுக்கு இதை எல்லாம் கூட்டிப் பார்க்க வெகுநேரம் ஆகவில்லை. சம்பளம் வாங்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை மதுக்கடை என்று அவளுக்குத் தெரியும்.

"குடிக்கலடி. எத்தன தடவ சொல்றது."

"குடிக்காதவரு ஏன் வாசப்படிய ரெண்டு தடவ மிதிக்கிறீங்க?"

"கிறுகிறுன்னு வருது. வேலை அப்படி."

"ஊருல எல்லாரும் வேலைக்குத்தான் போறாங்க."

அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டாள். எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: கயிறு கட்டிவிடு. குடியை விடுவதாகச் சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டால், கயிறு இருக்கும்வரை பயத்தில் தொடமாட்டார்கள். தேவிகா ஒரு வெள்ளிக்கிழமை கடையில் விடுப்பு சொல்லிவிட்டு அவனைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வரிசையில் முன்னும் பின்னும் நிஜமான குடிகாரர்கள். நவநீதன் நடுவில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நின்றான்.

"எத்தன மாசத்துக்குக் கட்டட்டும்?" என்றார் பூசாரி.

"எத்தன மாசம்னாலும் கட்டுங்க. குடிச்சாத்தான விடுறதுக்கு."

வரிசையே சிரித்தது. அங்கே வருகிற எல்லோரும் சொல்கிற வசனம் அது. பூசாரியும் சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்கினார்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு படகை ஒன்றாக முடிக்க வேண்டியிருந்தது. நவநீதன் படகின் வயிற்றுக்குள் இறங்கியவன் பொழுது சாயத்தான் ஏறினான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றப் போனவன் அப்படியே குப்புற விழுந்தான். கையில் புதுக் கயிறு.

"தேவிகாவின் கண்கள் கலங்கின. அவள் ஒன்றும் பேசாமல் அவனைத் தூக்கி—"

நான் எழுதியிருந்தது இதுதான். கடையில் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டியபோது இந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"நான் இவ்ளோ நல்லவ இல்லக்கா. அடிச்சேன். சாமி கயித்தோட குடிச்சிட்டு வந்துட்டாரேன்னு கன்னத்துல ஓங்கி அடிச்சேன். அவரு ஏன் அடிக்கிறன்னுகூடக் கேக்கல. நம்பலன்னா என்ன பண்றதுன்னு அழுதாரு. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

அடித்த கையோடு அவன் முகத்தைப் பிடித்து இழுத்து, "ஊதுங்க" என்றாள். ஊதினான். சாராய வாடை இல்லை. பிராந்தி வாடை இல்லை. புது பிளாஸ்டிக் வாளியை வெயிலில் வைத்தால் வருமே, அந்த வாடைதான் வந்தது. தேவிகாவுக்குப் பயம் போகவில்லை, கூடியது. வாடையே இல்லாத சரக்கு ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். (இத்தனைக்குப் பிறகும் குடி என்றுதான் நினைத்தாளா என்று கேட்காதீர்கள். நீங்கள் எங்கள் ஊரில் இருந்து பார்க்க வேண்டும்.)

5

கடையில் கலைந்துபோன துண்டுத் துணிகளைத் தேவிகா சில சமயம் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறவாரியாக அடுக்குவாள். நீலத்தில் தொடங்கிப் பச்சைக்குப் போய், மஞ்சளுக்கு வந்து, ரோஜாவில் முடியும். ஒன்றிலிருந்து அடுத்தது கொஞ்சமே கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நவநீதன், அடி வாங்கிய கன்னத்தோடு, சமாதானமாகப் போகும் எண்ணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அடுக்கினான்.

ஆனந்தா நீலத்தைத் தூக்கிக் கடல்பச்சைக்குப் பக்கத்தில் வைத்தான். எலுமிச்சை மஞ்சளை இளம் ரோஜாவோடு சேர்த்தான்.

"வெளையாடாதீங்க."

"என்னடி வெளையாட்டு? சரியாத்தான வச்சிருக்கேன்."

அவள் நீலத்தை எடுத்துக் காட்டினாள். "இது என்ன கலரு?"

"பச்சை."

"இது?"

"அதே பச்சைதான். கொஞ்சம் வெளுத்துருக்கு."

தேவிகா துணிகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கள்ளச் சாராயம் குடித்தால் கண் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். முதல்நாள் அடித்த கையால் அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். மறுநாளே அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் அர்ஷியா வயதில் சின்னவர், காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவர். தேவிகா உட்கார்ந்ததும் குடியைப் பற்றித் தொடங்கினாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நவநீதனைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை. நானும்தான்.

அவன் சொன்னான். ரெசின், நார்ப்பாய், தார்ப்பாய், பழம். டாக்டர் எழுந்துபோய் ஒரு நீளத் தட்டை எடுத்து வந்தார். அதில் சின்னச் சின்ன வட்ட வில்லைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். "இத வரிசையா அடுக்குங்க. மொதல்ல வலது கண்ண மூடிக்குங்க, அப்புறம் இடது."

தேவிகாவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இதத்தான் டாக்டர் நேத்து வீட்டுல பண்ணுனோம், ரவிக்கைத் துணியில."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு வந்துருப்பீங்க" என்றார் டாக்டர்.

நவநீதன் அடுக்கியதை அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு இன்னொரு மாதிரி வந்திருந்தது. சரியான வரிசையை அவரே அடுக்கிக் காட்டினார். பிறவியிலேயே நிறம் தெரியாதவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்கும், நீலமும் மஞ்சளும் இப்படிக் குழம்புவது அபூர்வம் என்றார். இது இடையில் வந்தது.

"இவரு குடிக்கல, தேவிகா. மூச்சு விட்டிருக்காரு, அவ்வளவுதான். அந்த ஆவி ரத்தத்துல கலந்து மூளைக்குப் போனா போதை மாதிரியேதான் இருக்கும். தலை சுத்தும், தள்ளாடும், பேச்சு கொழறும். ஞாயித்துக்கெழமை ஏன் தெளிஞ்சுடுதுன்னு இப்பப் புரியுதா?"

"பழம் தெனமும் சாப்புடுறேன் டாக்டர்" என்றான் நவநீதன்.

"பழம் வயித்துக்குப் போவுது. ஆவி நெஞ்சுக்குப் போவுது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கவே பாத்துக்காது. பழம் சாப்புடுங்க, ஒடம்புக்கு நல்லது. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். வருடக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு தளரலாம், காது மந்தமாகலாம். புற்றுநோய் வரக்கூடும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இப்போதைக்குக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. சில வாரம் கழித்து இதே தட்டை மறுபடி அடுக்க வேண்டும். கண் தேறி வந்தால், அடைப்பில்லாத இடத்தில், கரி அடைத்த முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்வதைப் பற்றிப் பேசலாம். தேறாவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

"தேறிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் தேவிகா.

"சில பேருக்குத் திரும்பியிருக்கு, சில பேருக்குத் திரும்பல. சீக்கிரம் விட்டவங்களுக்கு வாய்ப்பு கூட. இன்ஷா அல்லாஹ், பாப்போம்."

வெளியே வந்ததும் தேவிகா அவன் மணிக்கட்டைப் பிடித்து, பல்லால் கடித்து, அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டாள். சாமி குத்தம் என்று அவன் பதறினான். "சாமிக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியல" என்றாள். நடுத்தெருவில் நின்று அழுதாள்.

6

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். முருகானந்தத்துக்குத் தங்கச் சங்கிலி, வெள்ளை வேட்டி எல்லாம் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். "அவருடைய சிரிப்பில் லாபத்தின்—"

கிழித்துவிட்டேன். தேவிகா சொன்ன முருகானந்தம் எப்போதும் லுங்கிதான் கட்டுகிறார், உடம்பெல்லாம் ரெசின் திட்டு. வேலையாட்களோடு சேர்ந்து அவரும் உருளை தேய்க்கிறவர். நவநீதன் வராத முதல் நாளே, ஆளுக்கு என்ன ஆச்சு என்று நெரவி வரை வந்து விசாரித்துவிட்டுப் போனவர். கையில் ஒரு சீப்புப் பழம்.

தேவிகா துண்டுத் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். முருகானந்தம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தப்பா நெனக்காத தங்கச்சி. இருவது வருசத்துக்கு மேல நானும் இதுக்குள்ளதான் கெடக்குறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு? அந்தா கரையில கெடக்குது பாரு, அது யாரு படகுன்னு இங்கேருந்தே சொல்லுவேன்."

"சரிண்ணே. இதக் கொஞ்சம் அடுக்குங்க."

ஒரு பலகையில் துணிகளைப் போட்டாள். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள். அவர் விளையாட்டாக உட்கார்ந்து, மளமளவென்று அடுக்கி, எப்படி என்பது போல நிமிர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. நீலமும் பச்சையும் மஞ்சளும் ரோஜாவும் சந்தைக்கடை மாதிரி கலந்து கிடந்தன. நவநீதன் அடுக்கியதைவிட மோசம்.

கொஞ்ச நேரம் அவர் துணியைப் பார்த்தார். பிறகு ஆட்களின் முகத்தைப் பார்த்தார்.

"முன்ன நாந்தான் கலரு கலக்குவேன்" என்றார் மெதுவாக. "ரெண்டு படகுக்குக் கலரு மாறிப்போச்சு. வயசாயிட்டுன்னு நெனச்சு நவநீதன்ட்ட குடுத்துட்டேன்."

எழுந்துபோய்ச் சூரிக்கத்தியை எடுத்தார். தார்ப்பாய்க் கயிறுகளை ஒவ்வொன்றாக அவரே அறுத்தார். காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு மறைப்பை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் பாயை இறக்கிப் போட்டார்கள். அவ்வளவு நாளும் இருட்டாக இருந்த கொட்டகைக்குள் கடல் தெரிந்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. மணல் ஒட்டுகிறது என்று ஒரு படகுக்காரர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். காற்று ஏறுவதற்குள் ரெசின் வேலையை முடிக்க வேண்டும் என்று விடியலிலேயே தொடங்குகிறார்கள். படகின் வயிற்றுக்குள் தேங்கும் ஆவியை இழுத்து வெளியே தள்ள, அடியில் குழாய் வைத்த மின்விசிறி ஒன்று ஓடுகிறது. கரி முகமூடி வந்துவிட்டது. போட்டால் வியர்க்கிறது என்று பாதிப் பேர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். முருகானந்தம் கத்திக்கொண்டே இருக்கிறார். தலைவலி போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பழம் மட்டும் நிற்கவில்லை. ஒரு நல்ல பழக்கத்தை எதற்கு விட வேண்டும் என்கிறார் அவர்.

7

இப்போது முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் நவநீதன் தட்டை மளமளவென்று சரியாக அடுக்குகிறான். எல்லா நிறமும் திரும்பிவிட்டது. வெளியே வந்து தேவிகாவின் புடவையைப் பார்த்து அதன் நிறத்தைச் சொல்கிறான். தேவிகா இதைக் கேட்டுவிட்டு, "சினிமா மாதிரி இருக்குக்கா" என்றாள். பாராட்டு இல்லை.

இரண்டாவதில் நிறம் திரும்பவில்லை. அவன் அண்ணனோடு வயலுக்குப் போகிறான். நடவு வயலைப் பார்த்து— இதை முழுதும் படிக்கவே விடவில்லை. "அவருக்கு வயல் வேலை ஒத்துவராது, வரப்புல நடக்கவே தெரியாது" என்றாள்.

மூன்றாவதில் அரசாங்கம் எல்லாப் படகுக் கொட்டகைகளுக்கும் ஆள் அனுப்பிக் காற்றைச் சோதித்து, கண்ணைச் சோதித்து— இதைத் தேவிகா முழுதும் படிக்க விட்டாள். "இத மட்டும் அடிச்சிடாதீங்க, வச்சிருங்க" என்றாள் கடைசியில். வைத்திருக்கிறேன்.

ஆனால் நடந்தது இதுவரைதான். நேற்று மறுபரிசோதனை. என்னையும் வரச் சொன்னார்கள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நவநீதன் இந்த வாரங்களில் முகம் தெளிந்திருந்தான். தலைவலி இல்லை, நடை நேராக இருந்தது, மீன் குழம்பின் வாசனை தெருமுனையிலேயே தெரிகிறது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். நிறத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் உள்ளே போன பிறகு, குரலைத் தாழ்த்தித் தேவிகாவிடம் சொன்னான்:

"அந்த வில்லையெல்லாம் பழசாகி ஓரத்துல கீறல் விழுந்திருக்கு. போன தடவையே பாத்துட்டேன். அவங்க அடுக்கிக் காட்டுனப்ப எது எதுக்குப் பக்கத்துலன்னு மனசுல வச்சிருக்கேன். கீறலப் பாத்தே அடுக்கிடுவேன்."

"எதுக்கு?"

"தேறலன்னா கொட்டகைக்கு விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்? படகுன்னா ஒரு கீத்து தப்பாமப் பண்ணுவேன். அந்த ஒண்ணுதான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கதாபாத்திரம் எழுத்தாளரை மீறலாம், டாக்டரை ஏமாற்றலாமா? ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தேவிகா என் கையை அழுத்தினாள்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். நவநீதன் எழுந்தான். தேவிகாவும் எழுந்து, அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அன்று அடித்த அதே கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"போயிட்டு வாங்க. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. வேலைய அப்புறம் பாத்துக்கலாம். வெளிய வந்து நீங்க என்ன சொன்னாலும் நான் நம்புவேன். இனிமே ஊதச் சொல்ல மாட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உள்ளே போனான், கதவு சாத்திக்கொண்டது.

நான் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். இருந்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தால் எழுதாமல் இருக்க எனக்கு வராது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அவர்களுடையது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லதாகவே எழுதுங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது: ஆள் மூச்சு விடுகிறான், கொட்டகை திறந்து கிடக்கிறது, வாசலில் அவனை நம்புகிற ஒருத்தி நிற்கிறாள். ஆனால் ஒன்று, எழுதுவதற்கு முன்னால், அந்த டாக்டர் கேட்ட மாதிரி, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.